காயப் புத்தகத்தின் ஏழாவது கட்டம்

போன மாதம் அஞ்சனா என் வீட்டுக்கு வந்திருந்தாள். நான் கடைசிவரை வேலை பார்த்த கட்டுமானக் கம்பெனியில் இப்போது அவள்தான் பாதுகாப்பு அதிகாரி. கெட்டிக்காரப் பெண். கைபேசியைத் திறந்து, வேலையிடத்தில் யாருக்காவது அடிபட்டால் இனி இதில்தான் பதிய வேண்டும் என்று காட்டினாள். உடம்பில் எந்த இடம் என்று கேட்டு ஒரு மனித உருவம் வருகிறது; முழங்காலைத் தொட்டால் முழங்கால் சிவக்கிறது. எதனால் என்று கேட்டு ஒரு பட்டியல் வருகிறது. எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. என் கையெழுத்தைப் படிக்கத் திணறிய டாக்டர்கள் எத்தனையோ பேர், அந்தத் தொல்லை இனி இல்லை. கடைசியில் ‘அடிபட்டவர் சொன்னது’ என்று ஒரு கட்டம் வந்தது. பக்கத்திலேயே சின்ன எழுத்தில், விருப்பமிருந்தால் நிரப்பலாம் என்று போட்டிருந்தது. அதை யாரும் எழுதுவதில்லை சிஸ்டரே, டைம் வேஸ்ட் என்றாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. டீ கொடுத்தேன், முகம் கொடுக்கவில்லை. போகும்போது அவளே வாசலில் நின்று, அப்படியானால் எழுதித் தாருங்கள், புதிதாகச் சேருகிறவர்களுக்கு வாசித்துக் காட்டுகிறேன் என்றாள். இதோ எழுதுகிறேன். தமிழில்தான் எழுதுவேன், மலையாளத்தில் ஆக்கிக்கொள்வது அவள் பாடு. ஏன் தமிழில் என்பது படித்தால் தெரியும்.

நான் கேரள எல்லையில் உள்ள பாறசாலைக்காரி. வீட்டிலும் ஜெபத்திலும் தமிழ்; பள்ளிக்கூடத்திலும் பஸ்ஸிலும் கோபத்திலும் மலையாளம். நர்சிங் படித்தேன், திருவனந்தபுரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நாலு வருஷம் ஊசி போட்டேன், கல்யாணம் ஆனது, இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். கட்டிட வேலை நடக்கும் இடத்தில் முதலுதவி அறைக்கு நர்ஸ் வேண்டும் என்றார்கள். நைட் டியூட்டி இல்லை என்ற ஒரே காரணத்துக்காகப் போனேன். மூன்று மாதம் பார்ப்போம் என்று போனவள் இருபத்தெட்டு வருஷம் இருந்தேன்.

முதலுதவி அறை என்றால் ஒரு தகரக் கொட்டகை. மேசை, கட்டில், ஸ்ட்ரெச்சர், மருந்து அலமாரி. நான் சேர்ந்த புதிதில் அந்தப் பக்கம் யாரும் வருவதில்லை. அடிபடாமல் இல்லை, மறைத்தார்கள். சிஸ்டரிடம் போனால் சூப்பர்வைசருக்குத் தெரியும், தெரிந்தால் இரண்டு நாள் வர வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்ற பயம். வெட்டுக்காயத்தில் புகையிலையை வைத்துத் துணியைச் சுற்றிக்கொண்டு சிமெண்ட் குழைப்பார்கள். காயம் பழுத்துக் காய்ச்சல் வந்து நடக்க முடியாமல் ஆனபிறகு தூக்கிக்கொண்டு வருவார்கள். நான் வாயாடி. வைய வேண்டியதை வைது தீர்த்துவிட்டுத்தான் மருந்தை எடுப்பேன். அதற்குப் பயந்தும் பாதிப் பேர் வரவில்லை என்று பிறகு தெரிந்தது. அதனால் ஒரு ஃபிளாஸ்க் நிறையப் பால் விடாத கட்டன் சாயா வாங்கி வைத்தேன், வைவதைக் கொஞ்சம் குறைத்தேன். சாயா குடிக்க வருகிறவர் விரலை மடக்கி வைத்திருந்தால் பிடித்து நீட்டிப் பார்த்துவிடுவேன்.

இரண்டாம் வருஷம் மாத்யூ சார் பாதுகாப்பு மேனேஜராக வந்தார். அதற்கு முன் ஏதோ தொழிற்சாலையில் இருந்தவர். ஒல்லி, உயரம், காதில் எப்போதும் தச்சுப் பென்சில். மண் சுமக்கிறவர் முதல் பெரிய இஞ்சினியர் வரை எல்லோரையும் மரியாதையாக ‘நிங்ஙள்’ என்றுதான் சொல்வார். கோபம் வந்தால் அவருக்குக் குரல் தணியும். என்ன சொல்கிறார் என்று கேட்க நாம் பக்கத்தில் போக வேண்டும். போனால் நன்றாகவே கேட்கும். விபத்து நடந்த இடத்துக்கு வந்தால் முதலில் பேசவே மாட்டார். அடிபட்டவர் எங்கே நின்றிருந்தாரோ அங்கே போய் நிற்பார். அவர் குனிந்திருந்தார் என்றால் குனிவார், குந்தியிருந்தார் என்றால் குந்துவார். அங்கிருந்து என்ன தெரிகிறது, என்ன தெரியவில்லை என்று பார்ப்பார். டேப்பை எடுத்து அளப்பார். அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்து ‘எந்தா பற்றியது’ என்பார். என்ன ஆச்சு என்று அர்த்தம். யார் செய்தது என்று அவர் கேட்டு நான் பார்த்ததில்லை.

என்னிடம் இருந்த காயப் புத்தகத்தில் ஆறு கட்டங்கள்: நாளும் நேரமும், பெயரும் ஊரும், உடம்பில் எந்த இடம், கட்டிடத்தில் எந்த இடம், எதனால், என்ன சிகிச்சை. சார் ஸ்கேலை வைத்துக் கோடு கிழித்து ஏழாவதாக ஒன்றைச் சேர்த்தார். அடிபட்டவர் சொன்னது. அவர் வாயில் எப்படி வருகிறதோ அப்படியே எழுத வேண்டும். நாம் திருத்தக் கூடாது. ‘எதனால்’ என்ற கட்டத்தில் நான் அதுவரை பக்கம் பக்கமாக ‘அஸ்ரத்த’ என்று எழுதி வைத்திருந்தேன். அஜாக்கிரதைக்கு மலையாளம். எழுதச் சுலபம், யாருக்கும் வம்பில்லை. சார் வந்த முதல் வாரமே அந்தப் பக்கங்களை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

“அஸ்ரத்தைக்கு எவிடெ கைவரி கெட்டும், சிஸ்டரே?”

அஜாக்கிரதைக்கு எந்த இடத்தில் கைப்பிடிக் கம்பி கட்டுவது என்று கேட்கிறார். எனக்கு முகம் சுருங்கிப் போயிற்று. ஆனால் அதற்குப் பிறகு அந்தச் சொல்லை நான் எழுதியது ஒரே ஒரு தடவைதான்.

ஏழாவது கட்டம் எதற்கு என்பது ஆணிக் காயங்களில்தான் எனக்குப் புரிந்தது. கான்கிரீட் போடத் தளத்துக்கு அடித்த பலகைகளைப் பிரித்த பிறகு உள்ளங்காலில் ஆணி ஏறி வருவார்கள். பலகை பிரிக்கிறவர்களுக்கு ஏறினால் கேள்வியில்லை. வந்தவர்களில் பாதிப் பேர் பெயிண்டர்களும் கல் சுமக்கும் பெண்களும். சார் வாரக் கடைசியில் பக்கங்களை மேசையில் பரப்பி, கட்டிடத்தின் வரைபடத்தில் காயத்துக்கு ஒரு புள்ளி வைப்பார். ஆணிப் புள்ளிகள் ஓரிடத்தில் சேராமல் சிதறிக் கிடந்தன. ஏழாவது கட்டத்தை வரிசையாக வாசித்தேன். ‘தண்ணி குடிக்கப் போனேன்.’ ‘வெள்ளம் குடிக்கான் போயதா.’ ‘பானைக்குப் போயிட்டு வந்தேன்.’ எந்த இடம் என்று கேட்டால் எல்லோரும் தாங்கள் வேலை செய்யும் இடத்தையே சொல்லியிருக்கிறார்கள், வேலையை விட்டுப் போனது தெரிந்தால் வைவார்கள் என்று. குடிதண்ணீர்ப் பானை பலகைக் குவியலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. அதைத் தூக்கி இந்தப் பக்கம் வைத்தோம். ஆணிக் காயத்துக்கு நான் பார்த்த நல்ல வைத்தியம் அதுதான்.

இன்னொரு தடவை கண்ணில் தூசி விழுந்து வந்தவர்கள் எல்லோரும் பதினொரு மணிக்கு மேல்தான் வந்தார்கள். ‘காத்து மாறினதும்’ என்று ஒரு பெண் சொல்லியிருந்தாள். கடல்காற்று கிளம்புகிற நேரம் அது. டைல் அறுக்கும் மெஷினைக் கிழக்கு மூலைக்கு மாற்றினோம், கண் துடைக்கும் வேலை எனக்குக் குறைந்தது.

இப்படியெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டே போகலாம். எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை.

விழிஞ்ஞம் போகும் பைபாஸ் ரோட்டோரம் பதினொரு மாடிக் குடியிருப்பு கட்டிக்கொண்டிருந்தோம். அங்கே சார் புதிதாக ஒரு முறை கொண்டுவந்திருந்தார். காலை எட்டு மணிக்கு ஒவ்வொரு கூட்டத்தின் தலைவரும் வாக்கி டாக்கியில் என்னைக் கூப்பிட்டு, தான் நிற்கும் இடம் எப்படி இருக்கிறது என்று சொல்ல வேண்டும். கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறது, தரை வழுக்குகிறது, எதுவானாலும். நான் அதை மலையாளத்தில் ஒரு தாளில் எழுதுவேன். எட்டரைக்குள் அந்தத் தாளின் நகல் எல்லாச் சூப்பர்வைசர் கைக்கும் போகும். குறை உள்ள இடத்துக்குச் சார் முதலில் போவார். குறை இல்லாத இடத்தில் வேலை தொடங்கும்.

ஆறாவது மாடியின் பின்பக்கம் பூச்சு வேலைக்குப் பரமசிவன் கூட்டம். பரமசிவன் சங்கரன்கோயில் பக்கத்துக் கொத்தனார், நாற்பது வயதிருக்கும், அதிகம் பேசாதவர். அவர் கூட்டத்தில் முப்பிடாதி என்று ஒருவர். பரமசிவனுடைய தங்கை பேச்சியம்மாளின் கணவர். தங்கையைக் கட்டிக் கொடுத்த இடத்தில் மழையில்லை, விவசாயம் இல்லை என்று பரமசிவன்தான் அவரைக் கூட்டிக்கொண்டு வந்து கொத்து வேலை பழக்கியிருந்தார்.

ஒரு நாள் காலை பரமசிவன் கூப்பிட்டபோது கீழே கான்கிரீட் மிக்சர் ஓடிக்கொண்டிருந்தது. முந்தைய நாள் முப்பிடாதிக்குக் கட்டைவிரல் நசுங்கி நான் கட்டுப் போட்டிருந்தேன். எனக்கு அந்த நினைப்பு. அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால் நான் முந்திக்கொண்டு, முப்பிடாதிக்கு விரல் எப்படி இருக்கு என்று கேட்டேன். மிக்சர் சத்தத்துக்கு நடுவில் பதில் வந்தது.

“சாரமில்ல சிஸ்டர், ஆறாவது மாடி பின்பக்கம்.”

சரி சரி, பார்த்துச் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்தவரை எடுத்தேன். மலையாளத்தில் ‘ஸாரமில்ல’ என்றால் பரவாயில்லை என்று அர்த்தம். பஸ்ஸில் காலை மிதித்தவரிடம் சொல்வது, சில்லறை இல்லாத கடைக்காரரிடம் சொல்வது. ஒரு நாளைக்கு நூறு தடவை என் காதில் விழும், நூறு தடவை என் வாயிலும் வரும். தாளில் எழுதினேன்: ஆறாம் மாடி பின்பக்கம், ஸாரமில்ல. பக்கத்தில் ஒரு டிக்கும் போட்டேன்.

ஒன்பது மணிக்குப் பரமசிவன் மணல் விஷயமாகக் கீழே வந்திருக்கிறார். அந்த நேரத்தில் சூப்பர்வைசர் அனில் என் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஆறாவது மாடிக்குப் போயிருக்கிறார். முப்பிடாதி சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று வந்துவிட்டதே, தொடங்கலாம் என்று சொல்லிவிட்டு மேலே ஏறிவிட்டார். பின்பக்க ஜன்னலுக்கு வெளியே, குழாய்கள் இறங்கும் கிணறு மாதிரியான இடைவெளியில் இரண்டு பலகைகள் குறுக்கே கிடந்தன. குழாய்க்காரர்கள் விட்டுப்போனவை, எதிலும் கட்டப்படாதவை. மச்சான் சொல்லி நமக்காகப் போட்டது என்று நினைத்து முப்பிடாதி காலை வைத்திருக்கிறார். நாலாவது மாடியில் குழாய்க்காரர்கள் அமைத்திருந்த மேடைமேல் போய் விழுந்தார். உயிர் இருந்தது. இடுப்பும் இடது தொடையும் நொறுங்கியிருந்தன.

ஸ்ட்ரெச்சரில் நான்தான் கட்டினேன், ஆம்புலன்சில் நான்தான் கூடப் போனேன். இதெல்லாம் கை தானாகச் செய்யும் வேலை. ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்து மயக்கமும் வலியுமாக அவர் கிடந்தார், பேசும் நிலையில் இல்லை. சாயங்காலம் பேச்சியம்மாள் ஊரிலிருந்து வந்து சேர்ந்தாள். முப்பது வயது இருக்காது. அழவில்லை. என்ன நடந்தது, யார் அவரை அங்கே ஏறச் சொன்னது என்று என்னைத்தான் கேட்டாள். தமிழ் பேசுகிற ஆள் நான் ஒருத்திதானே அங்கே. என் தாளில் இருந்ததை உண்மையாகவே அவளுக்குத் தமிழில் சொன்னேன். காலையில் உங்கள் அண்ணன் ‘பரவாயில்லை’ என்று சொன்னார், அதை வைத்துத்தான் வேலை தொடங்கினார்கள் என்றேன். ஒரு பொய்யும் சொல்லவில்லை என்ற நிம்மதியோடு வீட்டுக்குப் போனேன்.

அடுத்த நாளிலிருந்து பேச்சியம்மாள் அண்ணனை வார்டுக்குள் விடவில்லை. பரமசிவன் தொழிலாளர் கொட்டகையில் சமைத்துத் தூக்குவாளியில் சோறு கொண்டுவருவார். வாட்ச்மேனிடம் கொடுத்தனுப்பிவிட்டு முற்றத்து வேப்பமரத்தடியில் நிற்பார், காலி வாளி வந்ததும் போவார். புருஷனைக் கேரளத்துக்கு இழுத்து வந்ததற்குக் கோபம் என்று அவர் நினைத்துக்கொண்டார். விசாரணை முடியும் வரை கம்பெனி அவரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லியிருந்தது. வேலையிடத்தில் எல்லோரும் அவரைப் பற்றி ஒரே மாதிரிதான் பேசினார்கள். சொந்தத் தங்கை புருஷனை இப்படி ஏற்றிவிட எப்படி மனசு வந்தது என்று சாயா குடிக்கும்போது என்னிடமே கேட்டார்கள். நானும் உச்சுக் கொட்டினேன்.

மாத்யூ சார் கொச்சியில் ஒரு வாரப் பயிற்சிக்குப் போயிருந்தார், செய்தி கேட்டுப் பாதியில் திரும்பி வந்தார். அவர் வருவதற்குள் பெரிய இஞ்சினியர் ஒரு விசாரணையை நடத்தி முடித்திருந்தார். அதில் நானும் இருந்தேன். காலையில் நீ ஸாரமில்ல என்று சொன்னாயா என்று மலையாளத்தில் கேட்டார்கள். பரமசிவன் நிமிர்ந்து, “ஆமா சார், சாரமில்லன்னுதான் சொன்னேன். சிஸ்டர்ட்டதான் சொன்னேன்” என்றார். மறுபடி கேட்டார்கள், மறுபடியும் அதையே சொன்னார். ஒத்துக்கொள்கிறானே, நல்லவன்தான் என்று அனில் என் காதில் சொன்னார். அந்த அறையில் இருந்த நாங்கள் ஐந்து பேரும் ஒரே சொல்லைக் கேட்டோம், அவர் ஒருத்தர் மட்டும் வேறொன்றைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சார் வந்ததும் நேராக ஆறாவது மாடிக்குப் போனார். ஜன்னலில் குந்தி உட்கார்ந்து வெகு நேரம் வெளியே பார்த்தார். கீழே இறங்கி வந்து விசாரணைத் தாளை வாசித்தார். பரமசிவன் சொன்னதை அவருடைய மொழியில் எழுதி அவரையே வாசிக்கச் சொல்லிக் கையெழுத்து வாங்கினீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். வாங்குங்கள் என்றார்.

பரமசிவனை வரச் சொல்லி, சாயா ஊற்றிக் கொடுத்துவிட்டு எழுத ஆரம்பித்தேன். தமிழில் எழுதிப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. வேதாகமம் வாசிப்பேன், எழுதுவதில்லை. ‘காலை எட்டு மணிக்கு நான் சிஸ்டரிடம் சாரமில்லை என்று சொன்னேன்’ என்று எழுதி அவர் பக்கம் திருப்பினேன். அவர் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார். வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“எல்லாம் எழுதுதிய. அந்தச் சாரத்தப் பிரிச்சது யாருன்னு மட்டும் ஒருத்தரும் கேக்க மாட்டேங்கியளே, சிஸ்டர்?”

தாளைத் திருப்பி என் பக்கம் இழுத்தேன். சாரம். மூங்கிலும் கம்பியும் கட்டி மேலே நின்று பூசுகிற சாரம். எங்கள் பக்கத்தில் நாங்கள் அதைத் ‘தட்டு’ என்போம், இஞ்சினியர்கள் ஸ்கஃபோல்டிங் என்பார்கள். சாரம் என்ற சொல் எனக்குத் தெரியாததில்லை, எத்தனையோ தொழிலாளிகள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆனால் அதற்குப் பின்னால் ‘இல்லை’ வந்ததும் என் காது மலையாளத்துக்குப் போய்விட்டது. முந்தின நாள் சாயங்காலம் குழாய் வேலைக்காகப் பின்பக்கத்துச் சாரத்தைப் பிரித்திருக்கிறார்கள். அந்த மனிதர் காலை எட்டு மணிக்கு, முறைப்படி, சரியான ஆளிடம், சாரம் இல்லை என்று சொல்லியிருக்கிறார். நான் ‘சரி சரி’ என்றதும் ஆள் அனுப்பிக் கட்டிக் கொடுப்பார்கள் என்று நம்பி மணல் பார்க்கக் கீழே வந்திருக்கிறார். நான் அதில் டிக் போட்டிருக்கிறேன்.

மலையாளத்தில் அதற்கு வேறு அர்த்தம், பரவாயில்லை என்று அர்த்தம், நான் அப்படித்தான் எழுதிவிட்டேன் என்று அவரிடம் சொன்னேன். என்னை வைவார் என்று காத்திருந்தேன். அவர் சாயா கிளாசைக் கீழே வைத்தார்.

“அப்ப பேச்சி அதத்தான் நெனச்சிக்கிட்டு இருக்காளா? நான் பரவால்லன்னு சொல்லி அவ புருசன ஏத்திவிட்டேன்னு?”

ஆமாம் என்றேன். அதை அவளிடம் சொன்னதும் நான்தான் என்பதையும் சொன்னேன். இதை அவரோடு நிறுத்திக்கொண்டு, மேலே யாரிடமும் சொல்லாமலே இருந்திருக்கலாம். அந்தத் தாள் மலையாளத்தில் இருந்தது. பரமசிவனோ அவர் ஊர்க்காரர்களோ அதை வாசிக்கப் போவதில்லை. எங்கள் ஆட்களுக்கு அதில் ஒரு குழப்பமும் தெரியாது. இந்த எண்ணம் எனக்கு வரவே இல்லை என்று சொன்னால் அது பொய். வந்தது. அவர் தங்கையின் பெயரைச் சொன்ன பிறகு அது நிற்கவில்லை.

சாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தேன். எல்லோரும் எழுதுவது போல நீங்களும் எழுதுங்கள் என்று காயப் புத்தகத்தைத் தள்ளினார். ‘எதனால்’ என்ற ஐந்தாவது கட்டத்தில் ‘என் அஸ்ரத்த’ என்று எழுதி நீட்டினேன். அதை வாசித்துவிட்டு எனக்கே திருப்பிக் கொடுத்தார். குரல் தணிந்திருந்தது.

“நிங்ஙள் எந்தா கேட்டது? அதெழுதூ.”

என் காதில் என்ன விழுந்தது என்று உட்கார்ந்து யோசித்தேன். மிக்சர் ஓடியது. பரமசிவன் சொல்வதற்கு முன் நான் ஒரு கேள்வி கேட்டேன். அவர் தன் விஷயத்தைச் சொன்னார், நான் அதை என் கேள்விக்குப் பதிலாக எடுத்துக்கொண்டேன். எழுதிக்கொண்டிருந்த மலையாளத்திலேயே அவர் தமிழையும் காதில் வாங்கினேன். கேட்டதைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்க்கவில்லை. ஒவ்வொன்றாக எழுதியபோது ஒவ்வொன்றுக்கும் செய்ய ஏதோ ஒன்று இருந்தது. சார் எதற்காக ‘அஸ்ரத்த’ என்ற சொல்லை விலக்கி வைத்திருந்தார் என்று அன்று என் உடம்பில் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

பெரிய இஞ்சினியருக்குப் பழைய விசாரணைத் தாளை மாற்ற விருப்பமில்லை. தொழிலாளியே ஒத்துக்கொண்டதை நாம் ஏன் கிளற வேண்டும் என்றார். சார் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து ஏதோ சொன்னார். எனக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. பழைய தாளின்மேல் குறுக்குக் கோடு விழுந்தது. பரமசிவனுக்கு மறுநாளே வேலை திரும்பக் கிடைத்தது.

அதற்குப் பிறகு வந்த மாற்றங்களை அஞ்சனா தினமும் பார்க்கிறாள், எங்கிருந்து வந்தவை என்று மட்டும் அவளுக்குத் தெரியாது. திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் தகரத்தை வட்டமாக வெட்டி வாங்கி, ஒரு பக்கம் பச்சையும் ஒரு பக்கம் சிவப்பும் அடித்து, ஒவ்வொரு சாரத்திலும் தொங்கவிட்டோம். தகரம் இல்லாத இடத்தில் யார் சொன்னாலும் ஏறக் கூடாது. வாக்கி டாக்கியில் ‘ஏறலாம்’, ‘ஏறக் கூடாது’ என்ற இரண்டில் ஒன்றைத்தான் சொல்ல வேண்டும், நான் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். புதிதாக வருகிறவர்களிடம் ஏணி, கயிறு, பலகை, சாரம் எல்லாவற்றையும் தொட்டுக் காட்டி, உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டு எழுதிக்கொள்வேன். பின்னால் வங்காளத்துக்காரர்கள் வந்தபோது அந்த நோட்டு தடித்துப் போயிற்று. அடிபட்டவர் சொன்னது என்ற கட்டத்தை விருப்பமிருந்தால் நிரப்பலாம் என்று போட்டிருக்கிறாயே அஞ்சனா, என் விருப்பத்துக்கு விட்டிருந்தால் நான் அன்று பரமசிவன் சொன்னதைத் தமிழில் எழுதியிருக்கவே மாட்டேன்.

தாளில் கையெழுத்துப் போட்ட அன்று சாயங்காலமே பரமசிவன் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டார். நான் சொன்னால் நம்ப மாட்டாள், நீங்களே வந்து சொல்லுங்கள் என்றார். கையில் தூக்குவாளி இருந்தது. முற்றத்து மரத்தடிக்கு வந்ததும் வழக்கம்போல அங்கேயே நின்றுவிட்டார். நான் தனியாகப் படியேறினேன்.

முப்பிடாதி கண் விழித்திருந்தார். அவர் பிறகு ஊன்றுகோலோடு நடந்தார், ஊரில் ஒரு சின்னக் கடையில் உட்கார்ந்தார், உயரமான இடத்தில் மட்டும் அதன்பின் ஏறவே இல்லை. அன்றைக்கு அது எதுவும் தெரியாது. கட்டிலுக்குப் பக்கத்தில் பேச்சியம்மாள் தரையில் உட்கார்ந்திருந்தாள். நானும் தரையில் உட்கார்ந்தேன். உங்கள் அண்ணன் சாரம் இல்லை என்றுதான் சொன்னார், நான்தான் தப்பாகக் கேட்டேன், உங்களிடம் தப்பாகச் சொன்னதும் நான்தான் என்றேன். பரமசிவன் கையெழுத்துப் போட்ட தாளைக் காட்டினேன். அவள் வாசித்தாள். ஒரு வரிதானே, அதை இரண்டு மூன்று தடவை வாசித்தாள்.

“மூணு நாளா எங்கண்ணன் பொங்கிக் கொண்டாந்த சோத்த வாங்கி அடுத்த கட்டில்காரவுகளுக்குக் குடுத்தேன். ஒரு வாய் நான் திங்கல. அத எந்த நோட்டுல எழுதுவிய, சிஸ்டர்?”

அவள் சத்தம் போடவில்லை. உண்மையிலேயே கேட்கிறவள் மாதிரிதான் கேட்டாள். பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. எழுந்து வராந்தாவுக்குப் போய், கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்து, “அண்ணே, மேல வா” என்றாள்.

பரமசிவன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறி வந்தார். கட்டிலின் கால்மாட்டில் நின்று முப்பிடாதியின் பாதத்தைத் தொட்டார். பேச்சியம்மாள் அவர் கையிலிருந்து தூக்குவாளியை வாங்கிக் கீழே வைத்துத் திறந்தாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து ஒரு வாய் எடுத்து வைத்தாள்.

“உப்பே போடலியாண்ணே?”

“மறந்துட்டேன்ட்டி” என்றார்.

அந்த உப்பில்லாத சோற்றை அவள் ஒரு பருக்கை விடாமல் தின்று முடிக்கும்வரை பரமசிவன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் எழுந்து வராந்தாவுக்குப் போய், அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அழுதேன்.